மவுண்ட் ரோடு பாடம்: ஒரு கட்டடம் எப்படிப் 'பாரம்பரியம்' ஆகிறது?

சென்னையில் ஏதாவது ஒரு பழைய கட்டடத்தில் கடப்பாரை விழுந்தால் போதும், இணையத்தில் இரண்டு கோஷ்டி கிளம்பிவிடும். "நூறு வருஷக் கட்டடம், சட்டப்படி அதைத் தொடவே கூடாது" என்று ஒரு கோஷ்டி. "வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன இடிந்த கட்டடம், அதில் என்ன பாரம்பரியம், பாரம்பரியம் பார்க்கணும்னா தஞ்சாவூர் போ" என்று இன்னொரு கோஷ்டி. ஒரு வாரம் சண்டை நடக்கும், அதற்குள் கட்டடம் பாதி போயிருக்கும். ஒரு கட்டடத்தை யார் பாரம்பரியக் கட்டடம் என்று தீர்மானிக்கிறார்கள், தீர்மானித்த பிறகு அதன் சொந்தக்காரர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதைப் புரிந்துகொள்ள அண்ணா சாலையைவிட நல்ல இடம் கிடைக்காது. காப்பாற்றப்பட்டது, இடிக்கப்பட்டது, எரிந்துபோனது, வழக்கில் தொங்கியது என எல்லா வகைக் கட்டடமும் அந்த ஒரே சாலையில் இருக்கின்றன. பெயர் மாறி அரை நூற்றாண்டு ஆனாலும் பலருக்கு அது இன்னும் மவுண்ட் ரோடுதான், நானும் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் சாலை, அப்புறம் கட்டடம்

புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கத்திலிருந்து பரங்கிமலை நோக்கிப் போகும் பாதை என்பதால் மவுண்ட் ரோடு. இந்தப் பாதை அடையாற்றைத் தாண்டவேண்டிய இடத்தில், சைதாப்பேட்டையில், 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் ஒரு பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்பார்கள். அந்தப் பாலம் இப்போது இல்லை, அதே இடத்தில் இருப்பது 1960களில் கட்டப்பட்ட மறைமலை அடிகள் பாலம். ஆனால் உஸ்கான் வைத்த கல்வெட்டு மட்டும் அங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் வந்துவிடுமோ என்ற பயம் தணியத் தணிய, கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த ஆங்கிலேயர்கள் வெளியே பெரிய தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வீட்டுக்கும் கோட்டைக்கும் நடுவில் இருந்தது இந்தச் சாலை. பணக்கார வாடிக்கையாளர்கள் தினமும் வண்டியில் போய்வரும் வழியில் கடைகள் வராமல் இருக்குமா? குதிரைவண்டி கட்டும் சிம்ப்சன், புத்தகம் விற்கும் ஹிக்கின்பாதம்ஸ், கடிகாரமும் நகையும் விற்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ், எல்லாமும் விற்ற ஸ்பென்சர்ஸ் என்று 19ஆம் நூற்றாண்டில் வரிசையாக வந்தன. இங்கே இருக்கும் பழைய கட்டடங்களில் பல, கடைகளாகவே கட்டப்பட்டவை. அகலமான முகப்பு, வண்டி வந்து நிற்க இடம், தூரத்திலிருந்தே தெரியும் கோபுரம் எல்லாம் அந்தக் காலத்து விளம்பரப் பலகைதான்.

இதைச் சொல்லக் காரணம், கோயில், கோட்டை, அரண்மனை மாதிரியான நினைவுச்சின்னங்களுக்கு எழுதிய சட்டம் இப்படியொரு கடைத்தெருவுக்குப் பொருந்தாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நூறு வயது ஆனால் தானாகப் பாதுகாப்பு வந்துவிடுமா?

வராது. பரவலாக இருக்கும் முதல் தவறான நம்பிக்கை இதுதான்.

ஓட்டுப் போடுவதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 18 வயது ஆனவர் எல்லாரும் ஓட்டுப் போடத் தகுதியானவர்கள்தான். ஆனால் தேர்தல் அன்று வாக்குச்சாவடிக்குப் போய் "எனக்கு 40 வயசு சார்" என்று சொன்னால் விடமாட்டார்கள், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பெயர் இல்லையென்றால் வயதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. கட்டடத்துக்கும் அதேதான். வயது ஒரு தகுதி, அவ்வளவே. யாராவது ஆராய்ந்து, காரணம் எழுதி, அதிகாரம் உள்ள ஓர் அமைப்பு அதன் பெயரைப் பட்டியலில் சேர்த்தால்தான் பாதுகாப்பு பேசவே ஆரம்பிக்கும். இப்படிச் சேர்ப்பதற்குப் பட்டியலிடல் என்று பெயர்.

எந்தப் பட்டியல் என்பது அடுத்த கேள்வி. ஒன்றல்ல, பல இருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

மத்திய அரசின் பட்டியல் 1958ஆம் ஆண்டு தொல்சின்னங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. நூறு ஆண்டு என்ற கணக்கு இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் நூறு ஆண்டு ஆனதோடு, 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது' என்று அறிவிக்கவும் வேண்டும். நாடு முழுவதுக்குமே மூவாயிரத்துச் சொச்சம் சின்னங்கள்தான் இப்படி அறிவிக்கப்பட்டிருக்கின்றன. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் தஞ்சைப் பெரிய கோயிலும் இந்த வகை. சுற்றி 100 மீட்டருக்குப் புதிதாகக் கட்டக்கூடாது, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதியோடுதான் கட்டலாம் என்ற விதியும் இந்த அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்குத்தான். பலர் இதை எல்லாப் பழைய கட்டடத்துக்கும் பொருத்திப் பேசுகிறார்கள், தப்பு.

மாநில அரசுக்குத் தனியாக 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, மாநிலத் தொல்லியல் துறை அதன்படி சின்னங்களைப் பாதுகாக்கிறது. இதுவும் பெரும்பாலும் கோயில், கோட்டை, கல்வெட்டு, பாறை ஓவியம் பக்கம் போகும் சட்டம்.

மவுண்ட் ரோட்டில் இருக்கும் கடையும் சினிமா கொட்டகையும் கம்பெனி ஆபீசும் இந்த இரண்டு வலையிலும் சிக்குவது அபூர்வம். அவற்றுக்குத் தேவைப்படுவது நகரத் திட்டமிடல் வழியாக வரும் பட்டியல். வீடு கட்ட அனுமதி தரும் அதே சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், இன்ன கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ முன்அனுமதி வேண்டும் என்று சொல்லும் முறை. இந்தியாவில் இதை முதலில் விதியாக்கியது பம்பாய், 1995இல். சென்னையில் 2008இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் பாரம்பரியப் பாதுகாப்பைப் பற்றிப் பேசியது. அதற்கென ஒரு குழுவும் வந்தது, பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு என்று சொல்வோம்.

சுருக்கமாக, இதுவரை: வயது தானாக எதையும் காப்பாற்றாது, பட்டியலில் பெயர் வேண்டும். மத்திய, மாநிலப் பட்டியல்கள் சின்னங்களுக்கு, நகரத் தெருவில் இருக்கும் சாதாரணக் கட்டடங்களுக்கு நகரத் திட்டமிடல் பட்டியல்.

ஹோர்டிங் வழக்கில் கிடைத்த பட்டியல்

சென்னைக்கு இப்படி ஒரு பட்டியல் எப்படிக் கிடைத்தது என்பது தனிக்கதை. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

எல்.ஐ.சி. பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் இருக்கிறது. சிவப்புச் செங்கல், கூர்மையான கோபுரங்கள், வளைவுகள். 1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது, வடிவமைத்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். பிறகு பாரத் இன்ஷூரன்ஸ் கைக்கு வந்தது. 1956இல் ஆயுள் காப்பீட்டை நாட்டுடைமை ஆக்கியபோது எல்.ஐ.சி.க்குப் போனது. கட்டடம் பலவீனமாகிவிட்டது என்று சொல்லி 2006இல் இடிக்க ஆரம்பித்தார்கள். இன்டாக் எனப்படும் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, தடை கிடைத்தது. அதற்குள் ஒரு பகுதி சிதைந்துவிட்டது.

இங்கே வாக்காளர் பட்டியல் பிரச்சினை நேரடியாக வருகிறது. "இது பாரம்பரியக் கட்டடம் என்று எந்தப் பட்டியலில் இருக்கிறது?" என்று எதிர்த்தரப்பு கேட்டால் காட்டுவதற்கு அப்போது முறையான நகரப் பட்டியல் எதுவும் இல்லை. கைகொடுத்தது சம்பந்தமே இல்லாத இன்னொரு வழக்கு. நகரமெங்கும் விளம்பர ஹோர்டிங்குகள் முளைத்ததைப் பற்றிய வழக்கில், நீதிபதி பத்மநாபன் தலைமையில் அமைந்த ஒரு குழு, எந்தெந்தப் பாரம்பரியக் கட்டடங்களை ஹோர்டிங் மறைக்கக்கூடாது என்று சொல்வதற்காக 467 கட்டடங்களைக் குறித்து வைத்திருந்தது. 2010இல் வந்த தீர்ப்பில் நீதிமன்றம் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக்கூடாது என்றதோடு, அந்தப் பட்டியலையும் கையில் எடுத்துக்கொண்டு, அதில் இருப்பவற்றைப் பாரம்பரியக் கட்டடங்களாகக் கருதி முறையாக ஆராயச் சொன்னது. ஹோர்டிங்கைக் குறைக்கப் போட்ட பட்டியல்தான் ஒரு மாநகரத்தின் பாரம்பரியப் பட்டியலுக்கு அடித்தளமானது!

2012இல் தமிழ்நாடு சட்டமன்றம் மாநில அளவில் ஒரு பாரம்பரிய ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. இந்த இடைவெளியில் எத்தனை கட்டடம் போனது என்று கணக்குப் போட்டால் வயிறு எரியும், விடுங்கள்.

எதை வைத்து ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கிறார்கள்?

"அழகாக இருக்கிறது" என்பது ஒரு காரணம்தான். நான்கைந்து கோணத்தில் பார்ப்பார்கள்: கட்டடக்கலை, வரலாறு, கட்டிய தொழில்நுட்பம், மக்கள் வாழ்க்கையில் அதற்கு இருக்கும் இடம், அந்தத் தெருவின் தோற்றத்துக்கு அது தரும் பங்கு. எல்லாவற்றிலும் மதிப்பெண் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை.

கட்டடக்கலையில் மவுண்ட் ரோட்டில் அதிகம் அடிபடும் பெயர் இந்தோ-சாரசெனிக். ஐரோப்பிய அறை அமைப்பும் பொறியியலும் உள்ளே, முகலாய, ராஜபுத்திர, தென்னிந்தியக் குவிமாடமும் வளைவும் மாடமும் வெளியே என்று கலந்து கட்டும் பாணி. பாரத் இன்ஷூரன்ஸ் அந்த வகை. பி. ஆர் அண்ட் சன்ஸ் கட்டடத்தை வடிவமைத்த ராபர்ட் சிஸ்ஹோம் இந்தப் பாணியின் பெரிய பெயர்களில் ஒருவர், கடற்கரையில் இருக்கும் செனட் ஹவுஸ் அவர் கைவண்ணம். வெள்ளைக்காரன் கட்டிய கட்டடம் என்று தள்ளுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வரைந்தது அவர்களாக இருக்கலாம், செங்கல் அடுக்கியதும் சுண்ணாம்பு அரைத்ததும் வளைவு திருப்பியதும் இந்த ஊர்க் கொத்தனார்கள். அந்தக் கைப்பக்குவம் பதிவாகி இருப்பது வேறெங்கும் கிடையாது, அந்தச் சுவர்களில்தான்.

ராஜாஜி ஹால் வேறு மாதிரி. கிரேக்கக் கோயில் போன்ற தூண்வரிசை, அகலமான படிக்கட்டு. 1799இல் திப்பு சுல்தானை வென்றதைக் கொண்டாட இரண்டாம் கிளைவ் பிரபு ஆளுநராக இருந்தபோது எழுப்பிய விருந்து மண்டபம் அது, 1802இல் முடிந்தது. வடிவமைத்த ஜான் கோல்டிங்ஹாம், வானியல் ஆய்வாளரும்கூட. பிறந்த காரணத்தை மட்டும் பார்த்தால் நமக்கு அந்தக் கட்டடம் உவப்பானதாக இருக்க நியாயமில்லை. ஆனால் காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று தமிழ்நாட்டு அரசியலின் பெரிய ஆட்களுக்கு மக்கள் கடைசி மரியாதை செலுத்தியது அந்தப் படிக்கட்டில்தான். கட்டியவன் நினைத்த அர்த்தத்தை இருநூறு ஆண்டுப் பயன்பாடு மாற்றிப்போட்டுவிட்டது. என்னைக் கேட்டால் அண்ணா சாலையில் கட்டாயம் காக்கவேண்டிய கட்டடங்களில் முதலிடம் இதற்குத்தான், அழகு அப்புறம்.

அப்படியானால் புதுக் கட்டடம்? எல்.ஐ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் திறக்கப்பட்டது, 177 அடி உயரம், அப்போது நாட்டிலேயே உயரமான கட்டடம் என்ற பெயர் சில ஆண்டுகளுக்கு அதற்கு இருந்தது. ஆரம்பித்து வைத்தவர் தொழிலதிபர் எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார், தன்னுடைய யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக. 1954இல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார், நிறுவனமும் நாட்டுடைமையானது, கட்டி முடித்தது எல்.ஐ.சி. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து மாடி எண்ணியது, பழைய படங்களில் கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட ஒரே ஒரு ஷாட்டில் வருவது என்று இந்த ஊரின் நினைவில் அதற்கு இருக்கும் இடம் சின்னதா? நகரப் பட்டியலில் 'நூறு ஆண்டு' என்ற வாசல்படி அவசியமில்லை என்பதற்கு இதுபோன்ற கட்டடங்கள்தான் காரணம். 1930களில் எழுந்த, நேர்கோடுகளும் வளைந்த மூலைகளும் கொண்ட ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடங்களும் அப்படித்தான். தி இந்து நாளிதழின் பழைய அலுவலகக் கட்டடம் அந்தப் பாணி.

பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும் கட்டடமும் சேரலாம். அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்தில் தபால்தலை விற்பனையகம் இருக்கும் சின்னக் கட்டடத்தை எத்தனையோ பேர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். 1913இல் வார்விக் மேஜர் என்பவர் நடத்திய எலக்ட்ரிக் தியேட்டர் அது, சென்னையின் முதல் நிரந்தர சினிமா கொட்டகைகளில் ஒன்று. இரண்டே வருஷத்தில் தபால் துறை வாங்கிவிட்டது. சினிமாவுக்கு வெறிபிடித்த இந்த ஊரில் அந்தச் சின்ன முகப்பு நிற்பதற்கே தனி மதிப்பு உண்டு.

பெயர் மட்டும் மிஞ்சினால்? ஸ்பென்சர்ஸ் அதற்கு உதாரணம். 1890களில் டபிள்யூ. என். போக்சன் வடிவமைத்த பழைய கட்டடம் 1980களின் தொடக்கத்தில் தீக்கு இரையானது. அங்கே இப்போது இருப்பது ஸ்பென்சர் பிளாசா. பெயரும் இடமும் பழையவை, கட்டடம் வேறு.

பட்டியலில் சேர்ந்தால் ஆணிகூட அடிக்கக்கூடாதா?

சொந்தக்காரர்களைப் பயமுறுத்தும் நம்பிக்கை இது. பட்டியலிடுவதன் நோக்கம் மாற்றத்தைத் தடுப்பது இல்லை, கேட்டுவிட்டுச் செய்யவைப்பது. இதற்காகத் தரநிலை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இந்திய நகரங்களில் பொதுவாக மூன்று படி. முதல் தரத்தில் இருப்பவை நாட்டுக்கோ மாநிலத்துக்கோ முக்கியமானவை, அவற்றில் பழுதுபார்ப்புக்கு மேல் பெரிதாக எதுவும் அனுமதிக்கமாட்டார்கள். இரண்டாம் தரத்தில் வெளித்தோற்றத்தைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே மாற்றலாம். மூன்றாம் தரம் பெரும்பாலும் தெருவின் தோற்றத்துக்காகச் சேர்க்கப்பட்டவை, அவற்றில் இன்னும் தாராளம், அதே மனையில் கூடுதலாகக் கட்டக்கூட அனுமதி கிடைக்கலாம்.

உள்ளே ஏசி போடலாம், வயரிங் மாற்றலாம், லிஃப்ட் வைக்கலாம். பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுப்பதை மறுபயன்பாடு என்பார்கள், எலக்ட்ரிக் தியேட்டர் தபால்தலை விற்பனையகம் ஆனது அதுதான். ஹிக்கின்பாதம்ஸ் அதிர்ஷ்டசாலி. 1844இல் தொடங்கிய கடை, 1904இல் கட்டிய கட்டடத்தில், அன்று விற்ற அதே புத்தகத்தைத்தான் இன்றும் விற்கிறது. புதுப் பயன்பாடு தேடவேண்டிய அவசியமே வரவில்லை.

விதி தெளிவாக இருந்தாலும் எல்லைக்கோடு தகராறு வரும். 2011இல் மெட்ரோ ரயில் வேலைக்காகப் பி. ஆர் அண்ட் சன்ஸ் வளாகத்தின் பின்பக்கத்தில் ஒரு பகுதியை இடித்தார்கள். முன்னால் இருக்கும் கோபுரமும் முகப்பும்தான் பாரம்பரியமா, பின்னால் இருக்கும் பழைய தொகுதியும் சேர்த்தியா? விஷயம் நீதிமன்றம் வரை போனது. பட்டியலில் வெறும் கட்டடத்தின் பெயரை எழுதிவிட்டு, எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவர் வரை என்று வரைபடம் போட்டு வைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

பட்டியலில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அதே சாலையில் பார்க்கலாம். ராஜாஜி ஹாலுக்குப் பக்கத்தில் பழைய அரசினர் மாளிகை இருந்தது, ஆளுநர்கள் வாழ்ந்த வீடு. புதிய சட்டமன்ற வளாகம் கட்ட 2008 வாக்கில் அதை இடித்தார்கள். 2010 மார்ச்சில் புது வளாகம் திறக்கப்பட்டது, அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது, சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது, 2014இல் அந்த வளாகம் பல்நோக்கு மருத்துவமனை ஆனது. மருத்துவமனை நல்ல விஷயம்தான். ஆனால் இடித்தது எதற்காக என்று கேட்டால் இப்போது சொல்ல ஒன்றுமில்லை.

சிமென்ட் பூசினால் ஏன் கெடுகிறது

அனுமதி வாங்கிப் பழுதுபார்க்கும்போதும் பல கட்டடங்கள் கெட்டுப்போகின்றன. காரணம் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு பூசிய சிமென்ட்.

பழைய சென்னைக் கட்டடத்தின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, மணலோடு செக்கில் அரைத்துச் சாந்து ஆக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது உண்டு. பூசிய பிறகு அது காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெதுவாக உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறும், அதற்கு மாதங்கள், வருஷங்கள்கூட ஆகும். இப்படி இறுகிய சாந்தில் நுண்ணிய துளைகள் இருக்கும். மழைக்குச் சுவர் ஈரம் குடிக்கும், வெயிலில் அந்த ஈரம் துளை வழியாக வெளியேறிவிடும்.

இதன் மேல் சிமென்ட் பூசினால் துளை அடைபடும். தரையிலிருந்து ஏறும் ஈரமும் விரிசல் வழியாக நுழையும் மழைநீரும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி, செங்கல்லின் முகத்தைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். வெளியே இருந்து பார்த்தால் சிமென்ட் பூச்சு பொரிந்து, தட்டினால் 'டொக்' என்று உள்ளே வெற்றிடம் கேட்கும், அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிமென்ட் பூசுவார்கள். பத்து வருஷம் இப்படி ஓடினால் "கட்டடம் பலவீனமாகிவிட்டது" என்று சான்றிதழ் எழுதலாம், எழுதுவது பொய்யும் ஆகாது.

கூரையும் அப்படித்தான். மெட்ராஸ் டெரஸ் என்று இந்த ஊர் பெயரிலேயே ஒரு கூரை முறை உண்டு. தேக்கு உத்தரங்களை வரிசையாக வைத்து, அதன் மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் கோணலாக, மூலைவாட்டில் அடுக்கி வருவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கம்பியே இல்லாத இந்தக் கூரை நூறு வருஷம் தாங்கும், ஒரே நிபந்தனை, மேலே தண்ணீர் தேங்கக்கூடாது. மழைநீர்க் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் போதும். சுவருக்குள் சொருகியிருக்கும் உத்தரத்தின் நுனி ஈரத்தில் உளுத்துப்போகும், ஒரு நாள் அந்த மூலை இறங்கும். இதற்கிடையில் பறவை எச்சத்தில் விழுந்த அரச விதை கைப்பிடிச் சுவர் விரிசலில் முளைத்திருக்கும். இலையை மட்டும் வெட்டிவிட்டுப் போனால் வேர் சாந்துக்குள் இன்னும் தடிக்கும்.

இங்கே கொஞ்சம் நிறுத்தித் தொகுத்துக்கொள்ளலாம். பட்டியலில் இருக்கும் கட்டடத்தைத் தரநிலைக்கு ஏற்ப மாற்றலாம், பயன்படுத்தலாம். பழுதுபார்க்கும்போது அது எந்தப் பொருளால் கட்டப்பட்டதோ அதே பொருளால் பழுதுபார்க்க வேண்டும். பழைய கட்டடங்கள் பெரும்பாலும் சாவது வயதால் இல்லை, தண்ணீரால்.

சொந்தக்காரர் போடும் கணக்கு

பாரம்பரிய ஆர்வலர்கள் பேசத் தயங்கும் பக்கம் இது, ஆனால் இதைப் பேசாமல் மேலே சொன்ன எதுவும் நிற்காது.

மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்லும் எண்ணுக்குத் தளப்பரப்புக் குறியீடு என்று பெயர், கட்டுமானத் துறையில் எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். 10,000 சதுர அடி மனை, குறியீடு 2 என்று வைத்துக்கொள்வோம், 20,000 சதுர அடி கட்டலாம். அந்த மனையில் 8,000 சதுர அடியில் ஒரு பழைய கட்டடம் நிற்கிறது, பட்டியலில் சேர்த்துவிட்டோம். மீதி 12,000 சதுர அடி கட்டும் உரிமை அவர் கைக்கு எட்டாமல் போய்விட்டது. அண்ணா சாலை நிலமதிப்பில் இது என்ன தொகை என்று யோசித்தால், ராத்திரியோடு ராத்திரியாக இடித்துவிட்டு வழக்கைச் சந்தித்துக்கொள்ளலாம் என்று சிலர் ஏன் நினைக்கிறார்கள் என்று புரியும். நியாயப்படுத்தவில்லை, புரியும் என்றுதான் சொல்கிறேன்.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை, சுருக்கமாக டி.டி.ஆர். பயன்படுத்த முடியாத அந்த 12,000 சதுர அடி உரிமையைச் சான்றிதழாக வாங்கி, நகரத்தின் வேறு இடத்தில் கட்டும் ஒருவருக்கு விற்றுக்கொள்ளலாம். விற்ற பணத்தில் ஒரு பகுதி கட்டடத்தைச் சீரமைக்கப் போகும். காகிதத்தில் அருமையான யோசனை. ஆனால் சான்றிதழை வாங்க ஆள் வேண்டும், வழங்கும் அலுவலகம் சீக்கிரம் வழங்க வேண்டும், இல்லையென்றால் அது அலமாரியில் இருக்கும் காகிதம்தான்.

வாடகை இன்னொரு சிக்கல். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பல பழைய கடைகளில் வாடகை பல்லாண்டுகளாகச் சொற்பமாகவே நின்றுபோனது. வாடகைதாரர் காலி செய்யமாட்டார், கட்டடக்காரர் அந்த வாடகையில் ஒரு மழைநீர்க் குழாய்கூட மாற்றமாட்டார், இடையில் கட்டடம் தேயும். 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் நிலைமையை மாற்றியது, ஆனால் அதற்குள் பல கூரைகள் இறங்கிவிட்டன.

இதைச் சரிசெய்யாமல் சொந்தக்காரரைப் பார்த்துப் "பாரம்பரியத் துரோகி" என்று கத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு கட்டடம் இடிபடுவதைப் பார்த்தால்

முதலில் பட்டியலைப் பாருங்கள். சி.எம்.டி.ஏ. பெயரில் இருக்கும் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் முகவரி, பழைய பெயர் இரண்டையும் தேடுங்கள், ஏனென்றால் கடை மாறும்போது பெயரும் மாறியிருக்கும். பெயர் இருந்தால், இடிக்கப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம், பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. புல்டோசர் 30 நாள் காத்திருக்காது என்பதால், அதற்குள் சி.எம்.டி.ஏ.க்கும் மாநகராட்சிக்கும் புகைப்படத்தோடு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். பின்னால் யாராவது நீதிமன்றம் போனால் அந்தத் தேதிபோட்ட ஒப்புகைக்குத்தான் மதிப்பு.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் இடிப்பது சட்டமீறல் என்று சொல்லமுடியாது. அப்போது செய்யக்கூடியது ஆவணப்படுத்துவது: முகப்பு, படிக்கட்டு, கூரையின் அடிப்பக்கம், ஜன்னல் கம்பி, கட்டிய ஆண்டு பொறித்த கல் இருந்தால் அது. இன்னும் நிற்கிற, ஆனால் பட்டியலில் இல்லாத கட்டடமாக இருந்தால், இந்தப் படங்களையும் ஆண்டு, கட்டியவர், முன்பு அங்கே என்ன நடந்தது என்ற விவரத்தையும் சேர்த்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம். மனு கொடுக்கும் முன் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று முதல் மாடியை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடுங்கள். அண்ணா சாலையில் தரைத்தளத்தை எல்லாம் கடைப் பலகையும் கண்ணாடியும் மூடிவிட்டன, கட்டடத்தின் வயதைச் சொல்லும் வளைவும், சுவர் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கார்னிஸ் விளிம்பும் எஞ்சியிருந்தால் அவை பலகைக்கு மேலேதான் இருக்கும்.